இரண்டு தூதுகள்
'பாபிலோன் 5' தொலைக்காட்சித் தொடரில் அரசதந்திரமும் சூழ்ச்சியும்

தூது என்பது தமிழர்க்குப் புதிய பொருளன்று. திருக்குறளின் பொருட்பாலில் அதற்கென ஓர் அதிகாரமே அமைந்துள்ளது. பிற்காலத்தில் அது சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாகவும் வளர்ந்தது. குறளுக்கு உரை கண்ட சான்றோர், தூதரைத் தாமே வகுத்துக் கூறுவோர் என்றும், கூறியதைக் கூறுவோர் என்றும் பிரித்துக் காட்டுவர். முன்னவர், தம் அரசின் கருத்தை உணர்ந்து, இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்பத் தாமே சொல்லை அமைக்கும் உரிமை பெற்றவர். பின்னவர், தம்மிடம் ஒப்படைத்த சொல்லை அவ்வாறே கொண்டு சேர்க்கும் கடமை பூண்டவர். ஒருவர்க்கு அறிவும் சொல்வன்மையும் வேண்டும். மற்றவர்க்கு அஞ்சாமையும் வாய்மையும் வேண்டும்.

இப்பகுப்பை உரைகல்லாகக் கொண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராகிய 'பாபிலோன் 5' என்னும் படைப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். குறளைக் கற்று அத்தொடர் எழுதப்பட்டது என நான் கூற வரவில்லை. தூதின் இயல்பு எல்லா நாட்டிற்கும் பொதுவானது. ஆகவே, நம் முன்னோர் வகுத்த அளவுகோல் அயலார் படைப்பையும் அளக்கப் பயன்படும் என்பதே என் துணிபு.

'விண்வெளிக் கதைகள் சிறுவர்க்கு உரியவை. தொலைக்காட்சி பொழுதுபோக்கிற்கு உரியது. இவற்றில் திறனாய்வுக்கு என்ன வேலை?' என்று வினவுவோர் ஆசிரியர்களிடையே இன்றும் உண்டு. இவ்வினாவுக்குப் பொதுப்பட விடையளிப்பதைவிட, ஒரு படைப்பை எடுத்துப் பிரித்துக் காட்டுவதே தக்க விடையாகும்.

தொடரும் களமும்

'பாபிலோன் 5' தொடரைப் படைத்தவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. இதன் முன்னோட்டப் படம் 1993ஆம் ஆண்டிலும், தொடர் 1994 முதல் 1998 வரையிலும் ஒளிபரப்பாயின. ஐந்து பருவங்களில் மொத்தம் 110 பகுதிகள். அவற்றுள் 92 பகுதிகளை ஸ்ட்ராசின்ஸ்கி ஒருவரே எழுதினார். மூன்றாம், நான்காம் பருவங்கள் முழுமையும் அவர் எழுதியவையே. அக்கால அமெரிக்கத் தொடர்களில் ஒவ்வொரு பகுதியும் தனித்தனிக் கதையாக முடிவதே பெருவழக்கு. அவரோ தோற்றமும் வளர்ச்சியும் முடிவும் கொண்ட ஒரு நீண்ட புதினத்தைப் போல, ஐந்தாண்டுக் கதையை முன்கூட்டியே திட்டமிட்டார். முதற்பருவத்தில் விதைத்த சொல் நான்காம் பருவத்தில் காய்ப்பதை இத்தொடரில் காணலாம்.

கதை 2257ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் மனிதர்க்கும் மின்பாரி என்னும் வேற்றுலக இனத்தார்க்கும் கொடும்போர் ஒன்று நடந்தது. அப்போரின் மூலத்தை, 1998இல் வெளிவந்த, இத்தொடர் சார்ந்த திரைப்படம் விரித்துரைக்கிறது. இரு இனத்தாரின் கலங்களும் முதன்முறையாகச் சந்திக்கின்றன. மின்பாரியர் தம் பீரங்கி வாயில்களைத் திறந்து வைத்து நெருங்குகின்றனர். அவர்கள் மரபில் அது மரியாதையின் அடையாளம். மனிதர் அதனைத் தாக்குதலின் அடையாளமாகக் கொண்டு சுடுகின்றனர். மின்பாரியரின் தலைவர் மாள்கிறார். மாபெரும் போர் ஒன்று, பிழைபடப் பொருள்கொள்ளப்பட்ட ஒரு செய்தியிலிருந்தே பிறந்தது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

இனி இத்தகைய போர் நேராதிருக்க, எல்லா இனத்தாரும் கூடிப் பேசுவதற்கென்று நடுநிலைப் பகுதியில் ஒரு விண்வெளி நிலையம் கட்டப்படுகிறது. முதல் மூன்று நிலையங்களும் நாசவேலையால் அழிந்தன. நான்காவது, இயங்கத் தொடங்கிய 24 மணி நேரத்தில் மறைந்துபோயிற்று. ஐந்தாவதே கதைக்களம். அது ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள உருளை. தன்னைத்தானே சுழன்று, அச்சுழற்சியால் உள்ளிருப்போர்க்கு எடையுணர்வை அளிப்பது. இரண்டரை இலட்சம் பேர் அதில் வாழ்கின்றனர். மனிதர், மின்பாரியர், செண்டாரியர், நார்னியர், வோர்லானியர் என்னும் ஐந்து அரசினரின் சார்பாளர்கள் அங்குள்ள ஆலோசனை மன்றத்தில் அமர்கின்றனர். சிறிய அரசுகள் ஓர் அணியாகக் கூடி நிற்கின்றன.

இக்களத்தின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. நிலவுலகில் பகைவர் இருவர் தத்தம் நாட்டில் இருந்துகொண்டு பகை வளர்க்கலாம். இங்கோ ஒரே மன்றம், ஒரே உணவகம், ஒரே மின்தூக்கி. வெளியே உயிர்வளியற்ற வெறுவெளி. பகைவன் முகத்தைப் பாராமல் ஒருநாளும் கழியாது. பெருநிலத்தில் பரந்து கிடக்கும் பகையை ஒரு சிறு கூட்டுக்குள் அடைத்துக் காட்டுவதே இத்தகைய விண்வெளிக் கதையின் சிறப்பு.

வேண்டுவது யாது?

செண்டாரி, ஒருகாலத்தில் பரந்து விரிந்து, பின்னர் நலிந்துபோன பேரரசு. அதன் தூதர் லாண்டோ மொலாரி. குடியும் சூதாட்டமும் வேடிக்கைப் பேச்சுமாகக் காலங்கழிப்பவர். உள்ளத்தில் மட்டும் பழம்பெருமை நீறுபூத்த நெருப்பாய்க் கனன்றுகொண்டிருப்பவர். நார்னியர், அச்செண்டாரியரிடம் ஏறத்தாழ நூறாண்டு அடிமைப்பட்டுக் கிடந்து விடுதலை பெற்றவர்கள். அவர்கள் தூதர் ஜிகார். வெந்நீர்ப் பானத்தைத் தவறிச் சிந்தியதற்காக, செண்டாரித் தலைவி ஒருத்தியின் ஆணையால் மரத்தில் தொங்கவிடப்பட்டு மாண்ட தந்தையின் மைந்தர் அவர். இவ்விருவருள் ஒருவரை லாண்டோவாகப் பீட்டர் ஜுராசிக்கும், மற்றவரை ஜிகாராக ஆண்ட்ரியாஸ் கட்சுலாசும் நடித்தனர். கட்சுலாஸ் நார்னியருக்குரிய கனத்த ஒப்பனைக்குள் முகம் மறைந்திருந்தும், கண்களாலும் குரலாலுமே உணர்ச்சியைப் புலப்படுத்தியது போற்றுதற்குரியது.

1994இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் மோர்டன் என்னும் மனிதன் நிலையத்திற்கு வருகிறான். அவன் பின்னால் 'நிழல்கள்' எனப்படும் பழம்பெரும் ஆற்றல் மறைந்து நிற்கிறது. அவன் தூதர் சிலரைத் தனித்தனியே கண்டு, அவர்கள் வேண்டுவது யாது என்னும் ஒரே வினாவை எழுப்புகிறான். செண்டாரியரை வேரறுக்க வேண்டும் என்கிறார் ஜிகார். அதற்கப்பால் வேண்டுவது என்ன என்பதற்கு அவரிடம் விடையில்லை. அவன் அவரை விட்டு நீங்குகிறான். மின்பாரித் தூதர் டெலென் அம்மையார், வந்தவன் இன்னான் என்று உணர்ந்து அவனை வெளியே போகச் சொல்கிறார். லாண்டோ முதலில் தட்டிக் கழிக்கிறார். பின்னர்ப் பொறுமையிழந்து, தம் பேரரசு முன்போல் விண்மீன்களை ஆள வேண்டும் என்று உள்ளக்கிடக்கை முழுவதையும் கொட்டிவிடுகிறார். மோர்டன் தேடிவந்த விடை அதுவே.

இக்காட்சியைத் தூதின் இலக்கணத்தோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். தூதனிடம் 'நீ வேண்டுவது யாது?' என்று கேட்டால், 'என் அரசு வேண்டுவது இது' என்பதே முறையான விடை. லாண்டோ அரசின் பெயரால் பேசினாலும், அவர் உரைத்தது எந்த அரசவையும் அவரிடம் ஒப்படைத்த சொல்லன்று. அவருடைய சொந்த ஆசை. தூதனின் ஆசை அரசின் விருப்பமாக மாற்றுடை அணிந்து வெளிப்படும் முதல் இடம் இதுதான். விரைவிலேயே, எல்லைத் தகராறு ஒன்றில் நிழல்கள் நார்னியரின் படைத்தளத்தை அழித்து, வெற்றியை லாண்டோவுக்கு வாங்கித் தருகின்றன. விலை எதுவும் அப்போது கேட்கப்படவில்லை. கேட்கப்படாத விலையே பெருவிலை என்பதைத் தொடர் மெல்ல மெல்ல உணர்த்துகிறது.

ஒரே நோய்ப்படுக்கை, இரண்டு தூதுகள்

தொடரின் உயிர்நாடி, 1995இல் ஒளிபரப்பாகி, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதை 1996இல் பெற்ற 'நிழல்களின் வருகை' என்னும் பொருள்படும் பகுதியாகும்.

செண்டாரிப் பேரரசர் டுர்ஹான் முதுமையும் நோயும் உற்றவர். மருத்துவர் தடுத்தும் கேளாமல் அவர் நிலையத்திற்கு வருகிறார். வந்த நோக்கத்தை எவரும் அறியார். அவரைக் கொல்ல ஜிகார் கத்தியுடன் காத்திருக்கிறார். லாண்டோவோ, ரெஃபா என்னும் பிரபுவுடன் கூடி, பேரரசரின் வருகையைத் தம் ஏற்றத்திற்குப் பயன்படுத்தத் திட்டமிடுகிறார். ஆனால், வரவேற்பு மண்டபத்தை அடையுமுன் பேரரசர் நோயால் வீழ்ந்துவிடுகிறார்.

நோய்ப்படுக்கையில் அவர் நிலையத்தின் மருத்துவர் பிராங்க்ளினிடம் ஒரு செய்தியை ஒப்படைக்கிறார். தம் மக்கள் நார்னியர்க்கு இழைத்த கொடுமைக்காக வருந்தி, மன்னிப்புக் கேட்கவே அவர் அத்தனை தொலைவு வந்தார். அச்செய்தியை மருத்துவர் ஜிகாரிடம் கூட்டாமல் குறைக்காமல் சேர்க்கிறார். மருத்துவர் அரசதந்திரி அல்லர். தூதுக்கெனப் பயிற்சி பெற்றவரும் அல்லர். ஆயினும் கூறியதைக் கூறுவோரின் இலக்கணம் முழுவதும் அவரிடம் பொருந்தி நிற்கிறது. அச்சிறு சொல்லின் ஆற்றலைப் பாருங்கள்! கொல்ல வந்தவரின் நெஞ்சம் நெகிழ்கிறது. செண்டாரியருள்ளும் அறம் உண்டு என்று உணர்ந்த ஜிகார், லாண்டோவைத் தேடிச் சென்று, மகிழ்வோடு மதுக்கிண்ணம் வாங்கிக் கொடுத்துப் பேரரசரின் நலத்திற்காகப் பருகுகிறார்.

அந்நேரத்தில் லாண்டோ அறிந்தது வேறு. ரெஃபாவுடன் கூடி எடுத்த முடிவின்படி, அவர் முன்பே மோர்டன் வழியாக நிழல்களின் உதவியை நாடிவிட்டார். உதவியாளர் விர் கோட்டோ வேண்டாமென்று மன்றாடியும் அவர் செவிசாய்க்கவில்லை. மதுக்கிண்ணத்தைக் கையில் ஏந்தியிருக்கும்போது, நார்னியரின் குடியேற்ற உலகம் ஒன்று அழிவின் வாயில் இருப்பதை அவர் ஒருவரே அறிவார். நிழல்களின் கலங்கள் அழித்துவிட்டு மறைய, செண்டாரிக் கப்பல்கள் பின்னர் வந்து வெற்றியைத் தமதாக்கிக் கொள்கின்றன.

இனி இரண்டாம் தூது. இறக்கும் தறுவாயில் பேரரசர் லாண்டோவை அருகழைத்து, அவர் காதில் மட்டும் படுமாறு சில சொற்களைக் கூறி உயிர் விடுகிறார். சூழ நின்றோர் என்ன கூறினார் என்று அறிய விழைகின்றனர். இந்தப் பாதையிலேயே தொடர்ந்து செல்லுமாறும், மக்களை மீண்டும் விண்மீன்களுக்கு அழைத்துச் செல்லுமாறும் பேரரசர் பணித்ததாக லாண்டோ அறிவிக்கிறார். உண்மை பின்னர் ரெஃபாவிடம் தனிமையில் வெளிப்படுகிறது. பேரரசர் கூறியது, லாண்டோவும் ரெஃபாவும் சாபத்திற்கு ஆளானவர்கள் என்பதே.

ஒரே நோய்ப்படுக்கை, ஒரே மனிதரின் வாய், இரண்டு செய்திகள், இரண்டு தூதர். ஒருவர் உள்ளதை உரைத்தார். அதனால் பழம்பகை ஒருகணம் உருகியது. மற்றவர் சாபத்தை வாழ்த்தாக மாற்றினார். அதனால் போருக்கு இறந்தவரின் இசைவு கிடைத்தது. இவ்விணையமைப்பே அப்பகுதியின் கலைநயம். ஆசிரியர் இதனை வாய்விட்டுச் சொல்லவில்லை. காட்சிகளை அடுத்தடுத்து வைத்து, முடிவை நமக்கே விட்டுவிடுகிறார்.

லாண்டோவின் குற்றம் எப்போது முழுமை பெறுகிறது என்னும் வினாவுக்கு, தாக்குதலை ஏவிய நேரத்தில் என்று பலர் விடையிறுப்பர். நான் அவ்வாறு கருதவில்லை. ஏவிய குற்றம் பெரிதே. எனினும் அது ஒரு பிரபுவும் ஒரு தூதரும் மறைவில் செய்த சூழ்ச்சியாகவே நின்றிருக்கும். மறைவில் நடந்ததை அரசின் கொள்கையாக உயர்த்தியது அந்தத் திரித்த சொல்லே. படை ஓர் உலகத்தைப் பிடித்தது. பொய்யோ ஒரு பேரரசையே பிடித்தது. தாமே வகுத்துக் கூறும் உரிமையைத் தூதன் இறந்தவரின் சொல்லின் மீது செலுத்தும்போது, அரசதந்திரம் அவ்விடத்திலேயே சூழ்ச்சியாகிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள எல்லையை இத்தனை தெளிவாகக் காட்டிய தொலைக்காட்சிக் கதைகள் மிகச் சிலவே.

பொய்யின் விளைச்சல்

விளைவுகளையும் ஆசிரியர் மறைக்கவில்லை. அதே 1995இல் ஒளிபரப்பான மற்றொரு பகுதியில், உடன்படிக்கைகளால் தடுக்கப்பட்ட கருவிகளைக் கொண்டு செண்டாரியர் பெரும்பாறைகளை நார்னியரின் தாயுலகின் மீது எறிகின்றனர். கப்பலின் சாளரத்தருகே நின்று லாண்டோ அதனைப் பார்க்கிறார். ஒரு சொல்லும் பேசவில்லை. சொல்லால் வாழ்ந்தவர் சொல்லிழந்து நிற்கும் அக்காட்சி நெஞ்சைவிட்டு அகலாது.

பின்னர் ஆலோசனை மன்றத்தில் அவர் சரண்நிலை விதிகளை அறிவிக்கிறார். ஒரு செண்டாரியர் கொல்லப்பட்டால் 500 நார்னியர் கொல்லப்படுவர் என்பது அவற்றுள் ஒன்று. இவ்விதியின் உட்பொருள் அடுத்த பருவத்தில் ஒரு மின்தூக்கிக்குள் வெளிப்படுகிறது. குண்டுவெடிப்பால் லாண்டோவும் ஜிகாரும் அதனுள் சிக்கிக்கொள்கின்றனர். லாண்டோ தப்பும் வழி தேடுகிறார். ஜிகார் சிரிக்கிறார், அசைய மறுக்கிறார். லாண்டோவைத் தாம் கொன்றால் 500 பேர் சாவர். அவ்வெடிப்பின் விளைவாக அவர் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எவருக்கும் கேடில்லை என்பது அவர் கணக்கு. வெற்றி பெற்றவன் விதித்த சட்டமே வெற்றி பெற்றவனைக் காக்காமல் விடுகிறது.

நான்காம் பருவத்தில் இருவரும் ஒரு கொடுங்கோலனை வீழ்த்துவதற்காகக் கைகோக்க நேரிடுகிறது. முதிய வயதில் லாண்டோ ஜிகாரின் கைகளால் சாவார் என்பது தொடக்கத்திலிருந்தே முன்னறிவிக்கப்பட்ட செய்தி. பகையின் முடிவு அது என்றே நாம் எண்ணியிருக்கிறோம். 1996இல் வந்த பகுதியில் திரை விலகுகிறது. அயலாற்றல் ஒன்றுக்கு அடிமையாகி அரியணையில் அமர்ந்திருக்கும் லாண்டோ, தாமே ஜிகாரிடம் அந்தச் சாவை வேண்டிப் பெறுகிறார். பேரரசை விடுவிக்க விரும்பியவர் தம்மையே விடுவிக்க இயலாதவராகிறார். அவரது நம்பிக்கைக்குரிய ஒரே நண்பர், அவரால் அழிந்த நாட்டின் தூதர். இதனினும் கூரிய அவலம் வேறு என்ன வேண்டும்?

குறைகள்

நிறைகளை மட்டும் கூறி அமைவது திறனாய்வாகாது.

வேற்றுலக இனம் ஒவ்வொன்றுக்கும் ஒரே குணத்தைப் பூட்டுவது இவ்வகைக் கதைகளின் பொதுக்குறை. லாண்டோ, ஜிகார், விர் போன்றோர் தம் இனத்தின் பொதுக்குணத்தைக் கடந்து தனிமனிதராக வளர்கின்றனர். ஆனால் சிறிய அரசுகளின் தூதர் பெரும்பாலும் சினந்து கூச்சலிடும் கூட்டமாகவே நின்றுவிடுகின்றனர். சிறிய நாடுகளின் குரலைக் கேட்பதற்கென்றே கட்டப்பட்ட மன்றத்தில் அவர்கள் குரல் இவ்வாறு மங்குவது வருந்தத்தக்கது.

இன்னொரு குறை இதனினும் ஆழமானது. 1997இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், நிலையத்தின் தலைவர் ஷெரிடன், சிறிய அரசுகளின் எல்லைகளில் தம் காவற்கலங்களை நிறுத்த விரும்புகிறார். நேரே கேட்டால் அவர்கள் ஐயுறுவர். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத பகைவன் ஒருவன் இருப்பதாக அவர்களே எண்ணிக்கொள்ளுமாறு, மறுப்பறிக்கைகளாலும் வதந்திகளாலும் அச்சத்தை விளைவிக்கிறார். அவர்கள் தாமே வந்து கலங்களை வேண்டிப் பெறுகின்றனர். தொடர் இதனை நகைச்சுவையாகக் காட்டி, கதைத்தலைவரின் திறமையாகக் கொண்டாடுகிறது. நோக்கம் நன்று என்பதை ஏற்போம். ஆயினும், சொல்லைத் திரித்துப் பிறர் இசைவைப் பெறுதல் லாண்டோ செய்தால் அவலம், ஷெரிடன் செய்தால் நகைச்சுவை என்றால், ஆசிரியர் கையில் இரண்டு தராசுகள் உள்ளன என்றே கூற வேண்டும்.

இவ்விடத்தில் அக்காலத்திலேயே ஒளிபரப்பான மற்றொரு விண்வெளி நிலையத் தொடரை ஒப்பிடுதல் தகும். 'ஸ்டார் டிரெக்' வரிசையைச் சேர்ந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' 1993 முதல் 1999 வரை வந்தது. 1998இல் வந்த அதன் ஒரு பகுதியில், நிலையத் தலைவர் சிஸ்கோ, தோற்றுக்கொண்டிருக்கும் போரில் ரோமுலர் என்னும் நடுநிலை அரசைத் தம் பக்கம் இழுப்பதற்காகப் பொய்ச்சான்று ஒன்றை உருவாக்க உடன்படுகிறார். பொய் வெளிப்பட்டுவிடும் நிலையில், அவருடைய கூட்டாளி காரக், ரோமுலரின் பேரவை உறுப்பினரையே கொன்று காரியத்தை முடித்துவிடுகிறார். போரின் போக்கு மாறுகிறது, சிஸ்கோ வென்றுவிடுகிறார். ஆனால் அப்பகுதி முழுவதும் அவருடைய தனிமொழியாகவே அமைந்துள்ளது. செய்ததைச் சுமந்து வாழ முடியும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். சொல்லச் சொல்ல அதில் உறுதி குறைவதை நாம் உணர்கிறோம். நல்லவர் செய்த பொய்யையும் அதே தராசில் வைத்து நிறுத்த நேர்மை அங்கே உண்டு. இந்த ஒரு கூற்றில் 'டீப் ஸ்பேஸ் நைன்' 'பாபிலோன் 5'ஐ விஞ்சி நிற்கிறது.

நிழல்களுக்கும் வோர்லானியர்க்கும் இடையே மூண்ட பெரும்போர், ஷெரிடனும் டெலெனும் ஆற்றும் உரைகளைக் கேட்டு அப்பேராற்றல்கள் விண்மண்டலத்தைவிட்டு நீங்குவதோடு முடிவதும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு பொய்ச்சொல்லின் பயனை இரண்டு பருவங்களுக்கு மேலாகப் பொறுமையோடு விரித்த ஆசிரியர், மெய்ச்சொல்லின் வெற்றியை மட்டும் ஒரே பகுதியில் எளிதாக முடித்துவிட்டார்.

முடிவுரை

இக்குறைகளைக் கணக்கில் கொண்ட பின்னரும், இரண்டு தூதுகளின் காட்சி தன் மதிப்பை இழக்கவில்லை. மாணவர்க்குத் தூது என்னும் அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அருஞ்சொற்பொருளோடு நிறுத்திவிடாமல், மருத்துவர் பிராங்க்ளினையும் லாண்டோ மொலாரியையும் அருகருகே நிறுத்தி, இவ்விருவருள் தூதர் யார் என்று வினவிப் பார்க்கலாம். பதவியால் லாண்டோ தூதர். பண்பால் மருத்துவரே தூதர். அவ்வேறுபாட்டை மாணவர் தாமே கண்டு சொல்லும் நேரத்தில், பழைய நூல் அவர்களுக்குப் புதிய நூலாகிவிடும்.

ஆசிரியராகிய நாமும் ஒருவகையில் தூதரே. நம் கையில் உள்ளவை பெரும்பாலும் நாம் படைத்த சொற்கள் அல்ல, முன்னோர் ஒப்படைத்தவை. ஒப்படைத்தவர் மறைந்துவிட்டனர், சேர்த்த சொல் சரிதானா என்று அவர்களிடம் கேட்க வழியில்லை. லாண்டோவின் பொய்க்கு வாய்ப்பளித்ததும் அந்த நிலையே. கேட்டவர் ஒருவர் மட்டும், சொன்னவரோ இல்லை என்னும்போது, சொல்லின் கற்பைக் காப்பது சுமப்பவரின் நெஞ்சம் ஒன்றே. அதனை உணர்ந்து சொல்லைச் சுமப்போமாக.